தி பிளாக் கீஸின் முதல் ஆல்பம்: பல வருடம் கேட்ட பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'தி பிக் கம் அப்' நல்ல ஒலிப்பதிவு கிடையாது. புது ஸ்பீக்கர் வாங்கினால் சோதித்துப் பார்க்க இதைப் போடாதீர்கள், ஸ்பீக்கர் மீதே சந்தேகம் வந்துவிடும். டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை தகரத்தை உரசுகிற மாதிரி இருக்கும். பாடுகிறவர் குரலும் கிட்டாரும் ஒரே சல்லடையில் சலித்ததுபோலக் கரகரவென்று ஒட்டிக்கொண்டு வரும். ஆனாலும் என்னிடம் உள்ள ராக் ஆல்பங்களில் இந்த அளவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டது வேறு எதுவும் இல்லை. பத்து வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் சலிக்கவில்லை. எந்தெந்தப் பாட்டு நிலைத்தது, எது கழன்று விழுந்தது, ஏன் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தி பிளாக் கீஸ் இரண்டே பேர். டேன் ஆவர்பாக் கிட்டார் வாசித்துப் பாடுவார், பேட்ரிக் கார்னி டிரம்ஸ். இருவரும் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துக்காரர்கள். முதல் ஆல்பம் 2002 மே 14 அன்று அலைவ் என்ற சிறிய கலிஃபோர்னிய நிறுவனம் வழியாக வந்தது. அன்றைக்கு ஆவர்பாக்குக்கு 23-வது பிறந்தநாள். கார்னிக்கு 22. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர் ஒருவருக்குப் புல் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த பையன்கள். பதிவு நடந்தது கார்னி வீட்டு பேஸ்மென்ட்டில். ஸ்டுடியோ, தயாரிப்பாளர், ஒலிப் பொறியாளர் என்று யாரும் கிடையாது. கைக்குக் கிடைத்த சாதனங்களை வைத்துக் கார்னியே பதிவு செய்தார். இந்த ஒலிக்கு 'மீடியம் ஃபிடலிட்டி' என்று அவர்களே கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டு பேர் மட்டும் என்று திட்டம் போட்டு ஆரம்பித்ததும் இல்லை. ஆவர்பாக் தன் அப்போதைய இசைக்குழுவோடு ஒரு டெமோ பதிவு செய்ய கார்னியின் பேஸ்மென்ட்டைக் கேட்டார். குறித்த நாளில் மற்ற ஆட்கள் வரவில்லை. வந்த இருவரும் ஆளுக்கொன்றை எடுத்து வாசித்தார்கள், அதுவே குழு ஆகிவிட்டது. பெயர் ஆல்ஃபிரட் மெக்மூர் என்ற ஆக்ரன் ஓவியரிடமிருந்து வந்தது. மனநோயோடு வாழ்ந்த அந்த மனிதரை இருவருடைய குடும்பங்களுக்கும் தெரியும். யார் மீதாவது கோபம் வந்தால் அவர்களை 'பிளாக் கீ', அதாவது பியானோவின் கறுப்புக் கட்டை, என்று திட்டித் தொலைபேசியில் செய்தி விட்டுவிடுவாராம். சரியான வசவு அது. இவர்கள் இசைக்கும் பொருந்துகிறது.

ஆக்ரன் ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் எல்லாம் அந்த ஊர். எண்பதுகளுக்குள் டயர் உற்பத்தி பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்விட்டது, காலிக் கட்டடங்கள் மிஞ்சின. இவர்கள் மூன்றாவது ஆல்பத்தை அப்படிப்பட்ட ஒரு ஜெனரல் டயர் கட்டடத்துக்குள் போய்ப் பதிவு செய்து, 'ரப்பர் ஃபேக்டரி' என்றே 2004-ல் வெளியிட்டார்கள். சென்னைக்காரனுக்கு அந்தத் தலைப்பைப் பார்த்ததும் திருவொற்றியூர் ஞாபகம் வராமல் இருக்காது. சும்மா வருகிற ஞாபகமும் இல்லை: அங்கே ஆலை வைத்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி (எம்ஆர்எஃப்) 1961-ல் டயர் தொழிலில் இறங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்தது ஒஹாயோவின் மேன்ஸ்ஃபீல்ட் டயர் நிறுவனம்தான். ஆக்ரனிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லாத ஊர் மேன்ஸ்ஃபீல்ட். சரி, இசைக்கு வருவோம்.

இந்த ஆல்பத்தை நான் பின்பக்க வாசல் வழியாகத்தான் அடைந்தேன். 2010-ல் வந்த 'பிரதர்ஸ்' ஆல்பத்திலிருந்து 'டைட்டன் அப்' எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் 'எல் கமினோ', 'லோன்லி பாய்'. அப்போது இவர்கள் பெரிய அரங்குகளை நிரப்புகிற குழு. ஒரு பழக்கம் எனக்கு உண்டு, யாரையாவது பிடித்துவிட்டால் அவர்களுடைய முதல் வேலையைத் தேடிப் போவேன். தேடிப் போய்க் கேட்டதும், இது வேறு யாரோ என்று தோன்றியது. பளபளப்பு இல்லை, கோரஸ் இல்லை, கீபோர்டு தேன் தடவல் இல்லை. ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், தொண்டையில் மணல் வைத்துக்கொண்டு பாடுகிற ஓர் இளைஞன். அந்த வயதில் அவனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பேஸ் கிட்டார் இல்லாத குழு என்றால் ஒலி மேலே மட்டும் மிதக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஆவர்பாக் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் கீழ்ஸ்தாயியைப் பிடித்துக்கொண்டே மற்ற விரல்களால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) வாசிக்கிறார், அதன்மேல் ஃபஸ் என்கிற கரகரப்பைப் போட்டு ஒலியைத் தடிமனாக்குகிறார். சில இடங்களில் கேப் ஃபுல்விமார் என்ற மூன்றாமவர் மூக் சிந்தசைசரில் பேஸ் போட்டிருக்கிறார். ஆக, இரண்டே பேர் என்பதைக் கற்பு மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அது நல்லதுதான். அந்தக் காலத்தில் எல்லோரும் இவர்களை டெட்ராய்ட்டின் தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸோடு சேர்த்தே பேசினார்கள். இரண்டு பேர், பேஸ் இல்லை, ப்ளூஸ் என்ற பழைய அமெரிக்கக் கறுப்பின இசை என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். கேட்டால் தெரியும், அந்தக் குழுவின் ஜாக் ஒயிட்டிடம் நாடகம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, அவர் பாட்டெழுதுகிறவர். இவர்களிடம் தாளத்தைத் தவிர வேறு சரக்கே இல்லை. முதல் ஆல்பத்தில், அதாவது.

அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. ப்ளூஸ் என்றாலே பன்னிரண்டு அளவுச் சுழற்சி, மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), கடைசியில் ஒரு திரும்பல் என்றுதான் நினைத்திருந்தேன். வடக்கு மிசிசிப்பியின் குன்றுப் பகுதியில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே கார்டு மாறுவது அபூர்வம். ஒரே சுருதியில் நின்றுகொண்டு, ஒரே சிறு வடிவத்தைச் சுற்றிச் சுற்றி, ஆட வந்தவர்கள் வேர்த்து விறுவிறுக்கும்வரை வாசிப்பார்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் இருப்பாரே, அந்த இழுப்பையும் தாளத்தையும் ஒரே கிட்டாருக்குள் போட்டால் ஏறக்குறைய அப்படி வரும். ஜூனியர் கிம்ப்ரோவும் ஆர். எல். பர்ன்சைடும் இந்த வழியின் இரண்டு பெரிய பெயர்கள். சுலஹோமா என்ற இடத்தில் கிம்ப்ரோ நடத்திய 'ஜூனியர்ஸ் பிளேஸ்' என்ற ஆட்டக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இது நேரடியாக நடந்துகொண்டிருந்தது. அவர் 1998-ல் இறந்தார், கொட்டகை 2000-ல் எரிந்துபோனது. ஆவர்பாக் இந்த ஒலியைத் தேடி மிசிசிப்பிக்கே காரோட்டிப் போனவர், டி-மாடல் ஃபோர்ட் என்ற ப்ளூஸ் கலைஞர் போன்ற பெரியவர்களோடு உட்கார்ந்து வாசித்தவர். கார்னிக்கோ ப்ளூஸை விட ஹிப்-ஹாப் மீது காதல். இந்த இரண்டும் ஒரு பேஸ்மென்ட்டில் மோதிக்கொண்டதுதான் ஆல்பம்.

இனி பாட்டுக்குப் பாட்டு என்று வரிசையாகப் போக மாட்டேன். பதின்மூன்று டிராக்கில் பாதிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதும் ஒரு காரணம்.

தொடக்கத்தில் என்னைப் பிடித்தது 'பஸ்டட்'. முதல் பாட்டே அதுதான். கிட்டார் தனியாக வந்து ஒரு ரிஃப்பைச் சொல்லும், குரல் அதே ரிஃப்பின் மேல் அப்படியே நடந்து போகும், பிறகு டிரம்ஸ் விழும். அந்த வருடம் முழுக்க இதுதான் எனக்கு ஆல்பம், மற்றதெல்லாம் இதன் வால். பிறகு ஒருநாள் பர்ன்சைடின் 'ஸ்கின்னி வுமன்' கேட்டேன். இதே எலும்புக்கூடு. அவர் ஒற்றை ஆளாக, ஒற்றை கிட்டாரோடு, நாற்காலியை விட்டு நகராமல் அதையே வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு 'பஸ்டட்' என் காதுக்குள் கொஞ்சம் சிறுத்துவிட்டது. கெட்டுப்போகவில்லை. ஆனால் மூலத்தின் நிதானத்துக்கு முன்னால் இது பையன்கள் மார்பைத் தட்டிக்கொள்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தது.

'டூ த ரம்ப்' விஷயம் நேர்மாறாகப் போனது. இது கிம்ப்ரோவின் பாட்டு, 1992-ல் வந்த அவருடைய 'ஆல் நைட் லாங்' ஆல்பத்தில் இருக்கிறது. மூலத்தைக் கேட்டால் தாளம் அசைந்தாடும். எங்கே முதல் அடி விழுகிறது என்று விரல் விட்டுச் சொல்ல முடியாது, இடுப்புக்குத்தான் தெரியும். கார்னிக்கு அது வரவே இல்லை. அவர் டிரம்ஸ் முறையாகப் படித்தவர் அல்ல, தானாகத் தட்டிப் பழகியவர். ஆகவே அசைவு வர வேண்டிய இடத்தில் நடை வருகிறது. சப்பாத்துக் காலோடு படியேறுகிற மாதிரி டொம், டொம் என்று. முதலில் கிம்ப்ரோவைக் கேட்ட சமயம் இதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரு நாலைந்து வருடம் கழித்து மறுபடி போட்டபோது அந்த விறைப்புதான் பிடித்தது. கிம்ப்ரோ மாதிரி வாசிக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து முயன்று, வராமல், வராததையே ஓங்கி அடித்துவிட்டார்கள். கிம்ப்ரோவிடம் இல்லாத ஒன்று அதனால் வந்து சேர்ந்திருக்கிறது.

இதை நான் சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. 2021-ல் இவர்கள் 'டெல்டா கிரீம்' என்று முழுக்கக் குன்றுப் பகுதிப் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம் போட்டார்கள். நாஷ்வில்லில் ஆவர்பாக்கின் சொந்த ஸ்டுடியோ. பர்ன்சைடின் கூடவே நெடுங்காலம் வாசித்த கென்னி பிரவுன் கிட்டார், கிம்ப்ரோவின் வட்டத்தில் வளர்ந்த எரிக் டீட்டன் பேஸ். இரண்டே பிற்பகல்களில் பதிவை முடித்துவிட்டார்கள். அதில் இதே பாட்டு 'டூ த ராம்ப்' என்று மறுபடி இருக்கிறது. பத்தொன்பது வருட இடைவெளியில் அதே ஆட்கள், அதே பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். 2021-ல் அசைவு வந்துவிட்டது. கார்னி கற்றுக்கொண்டுவிட்டார், அல்லது பக்கத்தில் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பதால் தாளம் தானாக இளகியிருக்கிறது. ஒலி அருமை, கிட்டாரின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கேட்க அதை மிஞ்ச முடியாது. ஆனால் கையை மடக்கிக்கொண்டு உட்கார வைப்பது 2002-ன் பதிவுதான். வசதி வந்த பிறகு பசியை நடிக்க முடியாது, அவர்களும் நடிக்கவில்லை. அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

ஆக, கடன் வாங்கிய பாட்டுகளில் ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. 'லீவின் டிரங்க்' இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது டென்னஸியின் ப்ளூஸ் பாடகர் ஸ்லீப்பி ஜான் எஸ்டஸ் காலத்துப் பழைய சரக்கு. 1968-ல் தாஜ் மஹால் என்ற பெயருடைய ப்ளூஸ் பாடகர் தன் முதல் ஆல்பத்தில் அதற்கு ஒரு முறுக்கான வடிவம் கொடுத்தார், இவர்கள் தாஜ் மஹாலின் வழியில்தான் போகிறார்கள். நன்றாக இருக்கிறது, அவ்வளவே. தாஜ் மஹாலின் பதிவு இதை விட நன்றாக இருக்கிறது.

பீட்டில்ஸின் 'ஷீ செட் ஷீ செட்' என்ற எதிர்பாராத விருந்தாளியும் உள்ளே உண்டு. 1966-ன் 'ரிவால்வர்' ஆல்பத்தில் லெனன் பாடியது. மூலத்தில் ரிங்கோ டிரம்ஸில் வித்தை காட்டுவார், தாளம் நடுவில் மாறி மாறித் தடுமாற வைக்கும். இவர்கள் வேகத்தைக் குறைத்து, வித்தையைக் கழற்றிவிட்டு, மெட்டை மட்டும் சேற்றில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ப்ளூஸ் ரசிகர்களில் சிலர் இந்தப் பாட்டு இங்கே எதற்கு என்பார்கள். எனக்கு ஆல்பத்தின் நடுப்பகுதி சாயாமல் நிற்பதே இதனால்தான். ஒரே சுருதியில் சுற்றிச் சுற்றி வந்த காதுக்குத் திடீரென ஒரு மெட்டு கிடைக்கிறது, அதைத் தாண்டி 'தெம் ஐஸ்' வரும்போது அதிலும் மெட்டைத் தேட ஆரம்பிக்கிறோம், இருக்கிறது. பிற்காலத்தில் 'டைட்டன் அப்' எழுதப்போகிறவர்கள் இவர்கள்தான் என்பதற்கு முதல் தடயம் இந்த இரண்டு பாட்டும்.

காலப்போக்கில் மெல்ல மெல்ல மேலே வந்தவை அவர்களுடைய சொந்தப் பாட்டுகள். 'ஐல் பி யுவர் மேன்' எல்லோருக்கும் தெரிந்தது. 2009-ல் எச்பிஓ தொலைக்காட்சியின் 'ஹங்' தொடருக்கு முகப்புப் பாட்டாகப் போய் அப்படியொரு வெளிச்சம் கிடைத்தது. இரண்டரை நிமிடம் கூட ஓடாது. ஒரு வாக்குறுதி, ஒரு ரிஃப், முடிந்தது. எழுதத் தெரியாதவர்கள் எழுதியதுபோல வரிகள் எளிமையாக இருக்கும், அந்தக் குரலில் வேறெதுவும் எடுபடாது. 'த பிரேக்ஸ்' எனக்கு ரொம்பப் பிந்தித்தான் பிடிபட்டது. கார்னியின் ஹிப்-ஹாப் காது வெளிப்படையாகத் தெரிகிற இடம் அது. டிரம்ஸைத் தனியாக வெட்டி எடுத்து லூப்பாக ஓடவிட்டால் ராப் பாட ஆள் தேடலாம். 2009-ல் இவர்கள் ரிஸா (RZA) உள்ளிட்ட ராப் கலைஞர்களோடு 'பிளாக்ராக்' என்று ஓர் ஆல்பம் செய்தபோது பலருக்கு வியப்பு. இந்தப் பாட்டைப் பழகியவர்களுக்கு வியக்க ஒன்றும் இருந்திருக்காது. 'யெர்னின்' காரில் மட்டும்தான் வேலை செய்கிறது, ஏன் என்று தெரியவில்லை. 'ஹெவி சோல்' எல்லா இடத்திலும் வேலை செய்கிறது.

கழன்று விழுந்தவை: 'கவுன்ட்டவுன்', 'ரன் மீ டவுன்'. மோசம் இல்லை, தள்ளிவிட்டுப் போகவும் மாட்டேன், ஆனால் முடிந்த பின் என்ன கேட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசி டிராக், '240 இயர்ஸ் பிஃபோர் யுவர் டைம்', பாட்டே இல்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிற பையன்களிடம் ரெக்கார்டிங் சாதனத்தைக் கொடுத்தால் இப்படி ஏதாவது செய்வார்கள். நான் 'புரூக்ளின் பவுண்ட்' முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அதுவரை உள்ள பன்னிரண்டும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்த இசைக்கு அதற்கு மேல் நீளம் ஆகாது. கிம்ப்ரோ விடிய விடிய வாசிக்கலாம், எதிரே ஆடுகிறவர்கள் இருந்தார்கள்.

எதில் கேட்பது என்பது இந்த ஆல்பத்துக்கு மற்றவற்றை விட முக்கியம். காதுக்குள் செருகும் சின்ன இயர்ஃபோனில் கேட்டால் மேல்பக்கக் கரகரப்பு நேராக மண்டையில் ஏறும், நாலாவது பாட்டில் கழற்றிவிடுவீர்கள். விலையுயர்ந்த ஹெட்ஃபோனிலும் பயன் இல்லை. அது பதிவில் உள்ள ஓட்டையை எல்லாம் விளக்குப் போட்டுக் காட்டும். நடுத்தரமான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், சாதாரண ஆம்ப்ளிஃபயர், அறையின் இன்னொரு மூலையில் நாம் என்று இருந்தால் கிட்டாரும் டிரம்ஸும் காற்றில் கலந்து ஒன்றாக வருகிறது. பேஸ்மென்ட்டில் அவர்களுக்குக் கேட்டிருக்கக்கூடியதும் அப்படித்தான். சத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டும். மெல்ல வைத்தால் தூரத்தில் யாரோ சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தாரின் பொறுமையைப் பொறுத்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காரில் பிரமாதம். இன்ஜின் சத்தமும் சாலைச் சத்தமும் பதிவின் அழுக்கை மூடிவிடும், தாளம் மட்டும் மிஞ்சும். திண்டிவனம் தாண்டிய நீண்ட நேர்ச்சாலையில் 'பஸ்டட்' ஆரம்பித்தபோது பின்சீட்டிலிருந்து தம்பி, "அண்ணா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு போல, நிறுத்து" என்றான். விழுப்புரம் வருவதற்குள் விரலால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்றும் குழுவின் பெயர் தெரியாது, "அந்தக் கிழிஞ்ச ஸ்பீக்கர் பாட்டைப் போடு" என்பான்.

எல்பி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அலைவ் நிறுவனம் வண்ண வண்ணத் தட்டுகளாக மறுபதிப்பு போட்டுக்கொண்டே இருக்கிறது, ஆகவே கிடைப்பது கடினம் இல்லை. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஒலி கூடியதா என்றால், கொஞ்சம் உருண்டு வருகிறது, குரலின் முள் சற்று மழுங்குகிறது. ஆனால் மூலப்பதிவில் இல்லாத எதையும் எந்தத் தட்டும் கொடுக்காது. இறக்குமதிச் செலவையும் சேர்த்து யோசித்தால் சிடியே போதும், ஸ்ட்ரீமிங்கும் போதும். மிச்சப் பணத்துக்குக் கிம்ப்ரோவின் 'ஆல் நைட் லாங்' வாங்குங்கள். இது எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டிய யோசனை.

கிட்டார் பழகுகிறவர்களுக்கு இந்த ஆல்பத்தில் இன்னொரு பயன் உண்டு. ரிஃப்கள் பெரும்பாலும் மைனர் பென்ட்டடோனிக் ஸ்கேலுக்குள்தான் இருக்கின்றன, நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து ஸ்வரம். இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும். அதோடு வந்துவிட்டது என்று நினைத்தால் முடிந்தது கதை. ஆவர்பாக் தந்தியை வளைத்துக் காந்தாரத்தைச் சாதாரணம், அந்தரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிறுத்துகிறார், அந்த 'எங்கோ' பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. கட்டைவிரல் கீழே தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, மேலே இரண்டு விரல்கள் சுதந்திரமாக இருக்க வேண்டும். என் கட்டைவிரல் இன்றும் மேலே நடப்பதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டால் தன் வேலையை மறந்துவிடுகிறது. கூடவே வாசித்துப் பார்த்த பிறகுதான் 'இரண்டு பேர், என்ன பெரிய விஷயம்' என்கிற அலட்சியம் எனக்குப் போனது. ஆவர்பாக்கின் கை ஒரே நேரத்தில் இரண்டு ஆட்களின் வேலையைச் செய்கிறது, அதோடு பாடவும் செய்கிறது.

ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போவது சரியில்லை. மிசிசிப்பியின் ஏழைக் கறுப்பின விவசாயிகளும் டிராக்டர் ஓட்டிகளும் ஆட்டக் கொட்டகையில் வாசித்த இசையை ஒஹாயோவின் இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் எடுத்துக்கொண்டு பிறகு அரங்கங்களை நிரப்பினார்கள். கிம்ப்ரோவுக்கு அந்த அரங்கம் கிடைத்ததே இல்லை. ராக் இசையின் மொத்த வரலாறும் இப்படித்தான் என்று சொல்லிக் கை கழுவலாம், ஆனால் காதில் உறுத்துவது போகாது. இவர்களுக்காகச் சொல்லக்கூடியது, மூலத்தை ஒளிக்கவில்லை. இரண்டாவது ஆல்பத்துக்குக் கிம்ப்ரோவும் பர்ன்சைடும் இருந்த அதே ஃபேட் பாஸம் நிறுவனத்துக்குப் போனார்கள். 2006-ல் 'சுலஹோமா' என்று கிம்ப்ரோவின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு சிறு தொகுப்பு போட்டார்கள். அதன் முடிவில் கிம்ப்ரோவின் மனைவி தொலைபேசியில் விட்டுச்சென்ற குரல்செய்தி இருக்கிறது. தன் கணவரின் பாட்டை இவர்கள் வாசித்த விதத்தை மனதாரப் பாராட்டுகிறார். அந்தம்மாவுக்கே சரி என்றால் நான் யார் கணக்குக் கேட்க? இருந்தாலும் 'பஸ்டட்' கேட்கும்போது பர்ன்சைடின் முகம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2005 வரை அவர் உயிரோடு இருந்தார்.

இன்னொரு குறை, வரிகள். நேசிக்கிறேன், விட்டுப் போனாள், திரும்பி வா, உனக்காக இருப்பேன். இதற்கு வெளியே எதுவும் இல்லை. ஊரின் கதை, மூடிய ஆலைகளின் கதை எதையும் இதில் தேடாதீர்கள். ஆக்ரன் இந்த ஆல்பத்தில் ஒரு சொல்லாகக்கூட வராது, ஒலியில் வேண்டுமானால் இருக்கிறது. பாட்டின் சொற்களுக்காக இசை கேட்கிறவர் என்றால் இது உங்களுக்கானது இல்லை, ஒரு முறை கேட்டுவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளலாம். ஜாஸ் பழகிய நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன், "ஒரே கார்டு, ஒரே மாதிரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், வரிசைப்படி கேட்காதீர்கள். 'ஐல் பி யுவர் மேன்', 'ஹெவி சோல்', 'ஷீ செட் ஷீ செட்' மூன்றையும் முதலில் போட்டுப் பாருங்கள். மூன்றும் சின்னப் பாட்டுகள்தான். மூன்றில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றால் மிச்சத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம், நேராக 'பிரதர்ஸ்' போய்விடுங்கள், அது எல்லோருக்கும் பிடிக்கிற ஆல்பம். பிடித்துவிட்டால் இதற்கு அடுத்தது 2003-ன் 'திக்ஃப்ரீக்னெஸ்'. அதுவும் அதே பேஸ்மென்ட்தான், பதினான்கே மணி நேரத்தில் முழு ஆல்பத்தையும் பதிவு செய்தார்கள். ஒலி இன்னும் தடிமன், கை இன்னும் உறுதி, கிம்ப்ரோ பாட்டு அதிலும் ஒன்று உண்டு. பலர் அதையே சிறந்தது என்பார்கள். வாதாட மாட்டேன். ஆனால் அதில் கார்னிக்குத் தாளம் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது, அதனால் என் அலமாரியில் அது இரண்டாவதாகத்தான் நிற்கிறது.